கொழுந்து நம் வாசலில். குளிர்பானம் மட்டும் ஏன் கடையில்?

பதுளையில் மீண்டும் கச்சான் காற்று வீசுகிறது. தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, வரண்ட காற்றாக நம் பக்கம் இறங்கும் காலம் இது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான இந்த வரட்சியில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற வாசனை சேர்கிறது. இதே நாட்களில்தான் எனது வகுப்புப் பிள்ளைகளின் பைகளில் குளிர்பானப் போத்தல்களும் கூடுகின்றன.

நான் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை. சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று ஆசிரியர் கலாசாலையில் பழகியவள். சென்ற வாரம் ஒரு போத்தலை மேசையில் வைத்து, அதிலுள்ள நிற வட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். இந்த நிறக் குறியீடு நம் நாட்டில் 2016 இல் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. சிவப்பு வட்டமுள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் என்றால் 44 கிராமுக்கு மேல். தேக்கரண்டிக் கணக்கில் 11. அவ்வளவு சீனியையும் ஒரு கிளாசில் அள்ளிப் போட்டதும் வகுப்பே அமைதியாகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி: மொத்தம் பத்து. கடந்த வருடம் இரத்தப் பரிசோதனையில் சீனி எல்லைக்கோட்டில் நிற்பதாக வைத்தியர் சொன்னது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன நானும் அவர்களுக்கு ஒரு கரண்டிதான் பின்னால் நின்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஐஸ் போட்ட பச்சைத் தேயிலைதான். கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியின் கொழுந்துதான். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட நிறம் மாறவிட்டு உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. பறித்த கையோடு நீராவியிலோ சூட்டிலோ காட்டி அந்த நிறமாற்றத்தைத் தடுத்தால் பச்சைத் தேயிலை. ஹப்புத்தளைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள இதல்கஸ்ஹின்னவில் இதைத் தயாரிக்கிறார்கள். தூரத்துப் பொருள் அல்ல.

"கசக்குதே" என்று பலர் ஒதுக்குவதற்குக் காரணம் கொதிக்கும் நீர். அடுப்பிலிருந்து இறக்கிய நீரை ஐந்து நிமிடமாவது மூடாமல் ஆறவிடுங்கள். ஒரு கிளாஸ் நீருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி இலை போட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். ஐஸ் கரைந்து நீர்த்துப் போகும் என்பதால் சற்றுக் கடுமையாகவே இருக்கட்டும். ஆறியதும் ஐஸ் கட்டியில் ஊற்றுங்கள்.

இன்னும் இலகுவான வழியும் உண்டு. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் இரண்டு மேசைக்கரண்டி இலையைப் போட்டு, இரவு பிரிட்ஜில் வைத்துக் காலையில் வடித்தெடுங்கள். கசப்பு குறையும். அன்றைக்கே குடித்து முடித்துவிட வேண்டும். பீலித் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ கொதிக்க வைக்காமல் பயன்படுத்தக் கூடாது. ஐஸ் கட்டிக்கும் இதே விதிதான். குளிர் கிருமியைக் கொல்வதில்லை.

தேசிக்காய்ச் சாறு, தட்டிய இஞ்சி, நான்கு புதினா இலை சேர்த்தால் போதும். ஒரு லீற்றருக்கு நான்கு தேக்கரண்டி சீனி என்றால் 16 கிராம். 100 மில்லிலீற்றருக்கு 1.6. நிறக் குறியீட்டில் பச்சை வட்டத்துக்குள் வந்துவிடும். கித்துள் பாணி ஊற்றினாலும் அதுவும் சீனிதான், அளவு வேண்டும். நோன்பு திறக்கும்போது சிவப்புப் பாணி கலந்த சர்பத்துக்குப் பதிலாக இதை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம், ஆனால் முதலில் தண்ணீர், தேநீர் சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து.

அதற்குக் காரணம் இருக்கிறது. தேநீர் கறுப்போ பச்சையோ, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கும். தோட்டப்புறப் பெண்களிடையே இரத்தசோகை நெடுநாள் பிரச்சினை. சாப்பாட்டோடு தேநீர் குடிக்காமல் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவே வேண்டாம். இதில் கஃபீனும் உண்டு. ஆகவே சிறு பிள்ளைகளுக்குச் சீனி குறைந்த தேசிக்காய்த் தண்ணீரே போதும். கர்ப்பிணிகள் அளவோடு குடிக்க வேண்டும். பச்சைத் தேயிலை நீரிழிவைக் குணமாக்கும், உடலைக் கரைக்கும் என்று கடையில் சொல்வதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதன் பெரிய நன்மை, அந்தக் கிளாசில் இல்லாத சீனிதான்.

பெற்றோர் கூட்டத்தில் இதை விளக்கியபோது, கொழுந்து பறிக்கும் ஒரு தாய் எழுந்து, "டீச்சர், எங்க லயத்துல பிரிட்ஜ் இல்லையே, நாங்க என்ன செய்யிறது?" என்று கேட்டார். நான் யோசிக்காத கேள்வி. வீட்டில் செய்து பார்த்துவிட்டு மறுநாள் பதில் சொல்லி அனுப்பினேன். சூட்டில் வடித்த தேநீரை ஆறவிட்டு, மூடிபோட்ட போத்தலில் ஊற்றி, தண்ணீர் நிறைந்த மண்பானைக்குள் இறக்குங்கள். பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். துணியின் ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துச் செல்லும். காற்று எவ்வளவு வரண்டதோ அவ்வளவு குளிரும். சில மணித்தியாலத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

ஐஸ் போல இருக்காது. ஆனால் தாகத்துக்குப் போதும். நம்மை வாட்டும் கச்சானே அதைக் குளிரவைக்கிறது.