மறுமுனையில் யார்?

இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இரண்டு நாளில் ஒன்றரை கிலோ எடை கூடினால் அது சாப்பாட்டால் போட்ட சதை அல்ல. பெரும்பாலும் உடம்பில் தேங்கிய நீர். இதயத்தின் பம்ப் வலு குறையும்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும் நிலை வருவதற்குச் சில நாள் முன்பே எடை ஏறத் தொடங்கிவிடலாம். அதற்குள் நீர் பிரியும் மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றிவிட்டால், மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்காமல் தப்பலாம். டிஸ்சார்ஜ் ஆனவரைக் கண்காணிக்கும் செல்போன் செயலிகள் பல, இந்தச் சில நாட்களைத்தான் குறிவைக்கின்றன.

வசதி செய்து கொடுத்தால் போதுமா? அமெரிக்காவில் 1,653 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2010-இல் வெளியானது. அவர்களில் ஒரு பாதியினர் தானியங்கித் தொலைபேசியை தினமும் அழைத்து எடையையும் உபாதைகளையும் பதிவு செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதிலும் மரணத்திலும் மற்ற பாதியினரோடு வித்தியாசமே இல்லை. ஏழில் ஒருவர் ஒரு முறைகூட அழைக்கவில்லை. இயந்திரக் குரலிடம் தன் மூச்சுத்திணறலைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

பெர்லின் சாரிட்டே மருத்துவமனையின் ஆய்வு 2018-இல் வந்தது. 1,571 பேர். அவர்களில் ஒரு பிரிவினரின் எடை, ரத்த அழுத்தம், ஈசிஜி, ஆக்சிஜன் அளவு எல்லாம் தினமும் வீட்டிலிருந்தே போய்ச் சேர, மறுமுனையில் 24 மணி நேரமும் டாக்டர்களும் நர்சுகளும் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 11 என்றிருந்த இறப்பு, இவர்களிடம் 8 ஆனது. கணிசமான மனச்சோர்வு உள்ளவர்களை இதில் சேர்க்கவில்லை. இடையில் மருந்துகளும் மேம்பட்டிருந்தன. அதனால் இரண்டு ஆய்வுகளையும் நேராக ஒப்பிடுவது நியாயமில்லை. இருந்தாலும் கவனித்துப் பதில் சொல்ல ஆள் இருந்தது பெரிய வேறுபாடு என்பதே என் கணிப்பு.

மாரடைப்புக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சியிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 120 பேரிடம் நடந்த ஆய்வில், நேரில் போய்ப் பயில வேண்டியவர்களில் 47 சதவீதமே முழுப் பயிற்சியையும் முடித்தார்கள். ஸ்மார்ட்போன் வழியாகச் செய்தவர்களில் 80 சதவீதம். போன் காலடிகளை எண்ணியது. வாரம் ஒருமுறை ஒரு வழிகாட்டி அழைத்துப் பேசினார்.

டிஸ்சார்ஜ் சீட்டோடு ஏதாவது செயலியையும் பரிந்துரைத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: நான் பதிவதை யார் பார்ப்பார்? ராத்திரியில் எடையோ அழுத்தமோ தாறுமாறானால் யார் கூப்பிடுவார்? பதில் இல்லையென்றால் எடைபார்க்கும் கருவியும் ஒரு நோட்டும் டாக்டரின் போன் நம்பருமே போதும்.