மெதுவாகும் வீட்டுக் கணினி: கோளாறு எங்கே இருக்கிறது?

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில், மாஸிமோ அரங்குக்கு அண்மையில் இருக்கிறது கபோ என்னும் பழைய சந்தைப் பகுதி. 1980களில் இருந்து இலங்கைத் தமிழர்கள் கணிசமாகக் குடியேறியுள்ள நகரம் பலேர்மோ. இங்கு வாழும் குடும்பங்களுக்குக் கணினி ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல. இத்தாலிய அரசின் இணையச் சேவைகளைப் பெறுவதற்கு 2021ஆம் ஆண்டு முதல் 'ஸ்பிட்' போன்ற மின்னணு அடையாளம் அவசியமாகியுள்ளது. வதிவிட அனுமதி ஆவணங்களின் பிரதிகளும், பிள்ளைகளின் பாடங்களும், ஊரில் விட்டு வந்த வீட்டின் புகைப்படங்களும் பல வேளைகளில் ஒரே கணினியில்தான் இருக்கின்றன. அந்தக் கணினி மெதுவாகி, அடிக்கடி பிழைச் செய்திகளைக் காட்டத் தொடங்கும்போது என்ன செய்வது?

இத்தகைய சூழலில் பலர் முதலில் வைரஸைச் சந்தேகிக்கிறார்கள். அல்லது புதிய கணினி வாங்க எண்ணுகிறார்கள். ஆனால் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் பிரதி, பிறகு பரிசோதனை

எந்தப் பரிசோதனைக்கும் முன்னர் முக்கியமான கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுப்பதே முதற்கடமை. இதற்கு வலுவான காரணம் உண்டு. கணினியின் மந்தத்துக்கு வன்தட்டின் பழுது காரணமாக இருந்தால், வட்டைச் சீர்செய்யும் மென்பொருட்களை இயக்குவதே எஞ்சியிருக்கும் தரவுகளையும் அழித்துவிடக்கூடும். பழுதான வட்டு எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதை எவராலும் முன்கூட்டிக் கூற முடியாது.

அடுத்து, விண்டோஸ் கணினிகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றில் எது எப்போதும் நூறு சதவீதத்தை ஒட்டி நிற்கிறது என்பதை அது காட்டும்.

நினைவகம் நிறைந்திருந்தால், கணினி அதன் ஒரு பகுதியை வட்டுக்கு மாற்றி வேலை செய்கிறது. நினைவகத்தை விட வட்டு பல மடங்கு மெதுவானது என்பதால் முழுக் கணினியும் தளர்கிறது. இன்றைய இணைய உலாவிகளுக்கு 4 ஜிபி நினைவகம் போதாது. 8 ஜிபியாக உயர்த்தினால் வேறுபாடு தெரியும். கணினி துவங்கும்போதே தாமாக இயங்கும் மென்பொருட்களை நிறுத்திவைப்பதும் உதவும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

வட்டுதான் நெருக்கடியில் இருக்கிறது என்றால், அது சுழலும் பழைய வகை வன்தட்டா என்பதைப் பார்க்க வேண்டும். அத்தகைய வன்தட்டு ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லி வினாடிகள் எடுத்துக்கொள்கிறது. சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி வட்டு அதனை ஒரு மில்லி வினாடிக்கும் வெகு குறைந்த நேரத்தில் முடித்துவிடுகிறது. பழைய கணினி ஒன்றுக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம் இதுவே.

வெப்பமும் மின்சாரமும்

பலேர்மோவுக்கே உரிய காரணங்களும் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டு ஜூலை மாத வெப்ப அலையின்போது இந்நகரின் வெப்பநிலை 47 பாகை செல்சியஸைத் தொட்டதாகப் பதிவானது. கணினியின் செயலி 100 பாகையை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மின்விசிறியில் தூசி அடைந்திருந்தால் இது இன்னும் விரைவாக நேர்கிறது. காலையில் நன்றாக இயங்கி, பிற்பகலில் தளரும் கணினியில் முதலில் தேட வேண்டியது வைரஸை அல்ல, தூசியைத்தான்.

இரண்டாவது காரணம் மின்சாரம். இத்தாலிய வீடுகளில் வழக்கமான மின் இணைப்பின் அளவு 3 கிலோவாட் மட்டுமே. சலவை இயந்திரம், மின் அடுப்பு, குளிரூட்டி ஆகியவற்றை ஒரே வேளையில் இயக்கினால் மின்மானி இணைப்பைத் துண்டித்துவிடும். கோப்பு எழுதப்படும் கணத்தில் மின்சாரம் நின்றால் அக்கோப்பு அரைகுறையாக நின்றுவிடுகிறது. மேசைக் கணினிகளும், மின்கலம் செயலிழந்த மடிக்கணினிகளும் இதனால் பாதிக்கப்படுகின்றன. மின்தடைக்குப் பின்னர் தோன்றும் பிழைச் செய்திகள் பல இவ்வாறு உருவானவையே. சிறிய யூபிஎஸ் ஒன்று இதனைத் தவிர்க்கும்.

மாறாக, நீலத் திரை வெவ்வேறு பிழைப் பெயர்களுடன் காரணமின்றித் தோன்றினால், நினைவகச் சில்லில் கோளாறு இருக்கலாம். விண்டோஸிலேயே உள்ள நினைவகப் பரிசோதனைக் கருவி அதனைக் கண்டறிய உதவும்.

பாதுகாப்பு என்ற கேள்வி

தீய மென்பொருட்களின் ஆபத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் பலேர்மோ மாநகராட்சியின் கணினிகள் மீது இணையத் தாக்குதல் நடத்தப்பட்டது. ஆறு இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் நகரின் மாநகராட்சிச் சேவைகள் பல நாட்கள் முடங்கின. பணம் பறிக்கும் நோக்கில் கோப்புகளைப் பூட்டும் 'வைஸ் சொசைட்டி' என்ற குழு அதற்கு உரிமை கோரியது. இவ்வகைத் தாக்குதல் வீட்டுக் கணினியையும் எட்டலாம். தனியே கழற்றி வைக்கப்பட்ட பிரதி ஒன்றே அப்போது கைகொடுக்கும்.

'உங்கள் கணினி பாதிக்கப்பட்டுள்ளது, உடனே அழையுங்கள்' என்று தொலைபேசி எண்ணுடன் திரையில் தோன்றும் அறிவிப்புகள் மோசடியானவை. உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி முடித்துக்கொண்டது. இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய பொருளாதாரப் பகுதியின் வீட்டுப் பயனர்கள், பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை கட்டணமின்றிப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம் என்றும் அறிவித்தது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. அத்தகைய கணினிகளில் லினக்ஸை நிறுவிக்கொள்வது ஒரு வழி. தமிழ் ஒருங்குறி எழுத்துக்கள் அதிலும் இயங்கும்.

ஆகவே வட்டு, நினைவகம், தூசி ஆகியவற்றால் வரும் கோளாறுகளுக்குக் குறைந்த செலவில் தீர்வு உண்டு. தாய்ப்பலகையே பழுதாகியிருந்தால் மாத்திரம் புதிய கணினி வாங்குவது பொருத்தமாகும். எனினும் கணினிக்கு மாற்றுக் கணினி சந்தையில் கிடைக்கும்; அதற்குள் இருக்கும் ஒரே பிரதியான குடும்பப் புகைப்படத்துக்கு மாற்று எங்கும் கிடைப்பதில்லை.