படத்தின் மேல் புள்ளிகள்

சென்ற வாரம் மாட்ரிட் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். 2015-இல் அங்கே ஆறு ஓவியங்களைப் புடைப்புப் பிரதிகளாகச் செய்து, பார்வையற்றவர்கள் தடவிப் பார்க்க வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் யாரோ வரைந்து முடித்ததைத் தொட்டு அறிவதோடு வருகிறவரின் பங்கு முடிந்துவிடுகிறது. அவரே கேமராவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்று பார்க்க, மெக்சிகோவின் தெற்கே இருக்கும் வஹாக்கா நகருக்குப் போகவேண்டும்.

ஓவியர் ஃபிரான்சிஸ்கோ தொலேதோ 1996-இல் அங்கே ஒரு புகைப்பட மையத்தைத் தொடங்கி, அதற்கு மனுவேல் அல்வாரஸ் பிராவோவின் பெயரை வைத்தார். நூறு வயது வாழ்ந்து 2002-இல் மறைந்த அல்வாரஸ் பிராவோ, மெக்சிகோ புகைப்படக் கலையின் மூத்தவர். தெருவில் அவர் எடுத்த 1931-ஆம் வருடத்துப் படம் ஒன்று உலகப் புகழ்பெற்றது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் முகப்பு. விளம்பரக் கண்கள் நம்மையே முறைக்கும். பெயர்ப்பலகை எழுத்துகளோ கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிக் கிடக்கும்.

மையம் இருந்த அதே வீட்டில் பார்வையற்றோருக்கு ஒரு பிரெயில் நூலகமும் இருந்தது. அதற்கு எழுத்தாளர் போர்ஹெஸின் பெயர். பார்வை போன காலத்தில் அர்ஜென்டினாவின் தேசிய நூலகத்தை நடத்தியவர் ஆயிற்றே, பொருத்தமான பெயர்தான். அந்த நூலகத்தைக் கவனித்துக்கொண்டவர் ஹெரார்தோ நிஹெந்தா. இளம் வயதில் பார்வையை இழந்தவர். படக்காரர்களும் பார்வையற்ற வாசகர்களும் ஒரே வாசலில் போய்வந்த அந்த வீட்டில், 1999-இல் அவரும் கேமராவை எடுத்தார்.

அவர் முறை எளிமையானது. முதலில் படம் எடுப்பார். அச்சுப் போட்ட பின், பார்வையுள்ள ஒருவரிடம் கொடுத்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்வார். பிறகு, எடுத்த நேரத்தில் தனக்குப் பட்டதைப் படத்தின் மேலேயே பிரெயிலில் பதிப்பார். இப்போது படம் பார்க்கிறவருக்குப் புள்ளி புரியாது. புள்ளி படிக்கிறவருக்குப் படம் தெரியாது. முழுசாக வேண்டுமென்றால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசியாக வேண்டும்.

அருங்காட்சியகப் பட்டறைக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியவில்லை. பார்வையற்றவர் ஒருவர், பார்வையுள்ளவர் ஒருவர் என்று இரண்டிரண்டு பேராகத் தெருவுக்கு அனுப்பலாம். காட்சித்துளையில் கண் வைக்காமல், கேமராவை இடுப்பளவில் பிடித்து எடுப்பது தெருப்படக்காரர்களின் பழைய பழக்கம். ஆகவே தலை வெட்டுப்பட்டதே, சட்டகம் சாய்ந்ததே என்று யாரும் கூச வேண்டாம். கன்னத்தில் வெயில் சுடும் பக்கம் வெளிச்சம். குரல் வரும் உயரம் முகம். கஷ்டமெல்லாம் திரும்பி வந்த பிறகு, பார்வையுள்ளவருக்குத்தான். “ஒரு தள்ளுவண்டிக்காரர், நல்லா வந்திருக்கு” என்பார். கரண்டி எந்தக் கையில்? அவர் பார்ப்பது கல்லையா, வாடிக்கையாளரையா? பின்னால் நிற்பது யார்? கேட்கக் கேட்கத்தான், கையில் வைத்திருக்கும் படத்தையே தான் பார்க்கவில்லை என்பது அவருக்கு உறைக்கும்.

அதனால்தான் ‘மாற்றுத்திறனாளிகளுக்குச் சிறப்பு நாள்’ என்று தனியாக ஒரு நாள் ஒதுக்கும் அருங்காட்சியகங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். அந்த நாளில் கேள்வி கேட்க ஆள் உண்டு, திணற ஆள் இல்லை. சாய்தளம், பிரெயில் பலகை, ஒலி விளக்கம் எல்லாம் கட்டாயம் வேண்டும். கூடவே ஒரே மேசையில் எல்லோரையும் உட்கார வைக்கவும் வேண்டும்.

நம் நாட்டிலும் பார்வையற்றவர்கள் கேமராவை எடுத்திருக்கிறார்கள். மும்பையில் பார்தோ பௌமிக் 2006-இல் ‘பிளைண்ட் வித் கேமரா’ என்ற முயற்சியைத் தொடங்கிப் பார்வையற்றவர்களுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்தார். அவர்கள் எடுத்த படங்கள் தொட்டுணரும் வடிவிலும் ஒலி விளக்கத்தோடும் கண்காட்சியில் வைக்கப்பட்டன.

நிஹெந்தா 2010-இல் காலமானார். அவருடைய படம் ஒன்றை இங்கே போடலாமே என்று தோன்றும். போட்டால், இதழ்த்தாளில் புள்ளிகள் தட்டையாகிப் பிரெயில் தெரிந்தவருக்கும் பயன்படாமல் போகும். அச்சிட முடிவது அவர் தாமே பார்க்காத பாதியை மட்டும்தான்.

(தொடரும்)