எல்லோருக்கும் ஒரு காப்பி... உங்களுக்கு?

வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஆறு விதக் காப்பி. நம் இல்லத்தரசிகளுக்குத் தெரியாத கணக்கா இது!

மாமனாருக்குக் கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன், சர்க்கரை பேருக்கு. மாமியாருக்குக் கை பொறுக்காத சூடு வேண்டும்; டபராவில் அவர்தான் ஆற்றிக்கொள்வார், நாம் ஆற்றிக் கொடுத்தால் பிடிக்காது. வீட்டுக்காரருக்கு நுரை ததும்ப வேண்டும், ஏடு கண்ணில் படக்கூடாது. கொழுந்தனுக்கு அரை டம்ளர்தான், ஆனால் நாலு தடவை. பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்குப் பால் தூக்கலாக. எதையும் எழுதி வைத்துக்கொள்ளாமலே அத்தனையும் மனப்பாடம்!

சரி, உங்களுக்கு எப்படிப்பட்ட காப்பி பிடிக்கும்?

இப்படிக் கேட்டால், "எனக்கென்னங்க, எது மிஞ்சுதோ அது!" என்று சிரிக்கிறவர்கள்தான் அதிகம். மிஞ்சுவது எது? இரண்டாம் டிகாஷனும் ஆறிப்போன பாலும். அதையும் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, வெறும் வயிற்றில், அடுப்படியில் நின்றுகொண்டே குடிப்பது. பத்து மணிக்கு மேல் இரண்டு இட்லி, அதோடு இன்னொரு காப்பி. இதில் ருசியும் இல்லை, உடம்புக்கும் நல்லதில்லை.

முதலில் ருசியைப் பார்ப்போம்.

பொடியில் என்ன இருக்கிறது?

காப்பிக்கொட்டையில் நம் ஊரில் விளைபவை முக்கியமாக இரண்டு ஜாதி. அராபிகாவில் மணம் அதிகம். ரொபஸ்டாவில் கசப்பும் கெட்டித்தன்மையும் அதிகம். காஃபீனும் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைக்காரர் சொல்லும் 'பீபரி' தனி ஜாதி இல்லை. சாதாரணமாக ஒரு பழத்தில் இரண்டு கொட்டை இருக்கும். சில பழங்களில் ஒன்றே உருண்டையாக விளையும். அதுதான் பீபரி.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் நிறமும் கெட்டியும் கிடைக்கும். அதில் காஃபீன் கிடையாது. சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். கலப்பு விகிதம் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும். படித்துப் பார்த்து வாங்குங்கள். மணம் பிடித்தவர்கள் சிக்கரியைக் குறைக்கலாம். அடிக்கடி குடிக்கிறவர்கள் அராபிகாவோடு சிக்கரியைச் சற்றுக் கூட்டினால் காஃபீன் குறையும்.

பொடியை ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரக் கரண்டி படக்கூடாது.

டிகாஷன் இறங்க...

பில்டரில் பொடியைப் போட்டு, தட்டால் லேசாக அமுக்கினால் போதும். இறுக்கி அழுத்தினால் இறங்காது. தளதளவென்று கொதித்த தண்ணீரை இறக்கி, அரை நிமிஷம் விட்டு, சுற்றி ஊற்றுங்கள். பில்டர் அடைத்துக்கொண்டால், மேல் பாத்திரத்தின் துளையுள்ள அடிப்பாகத்தை இடுக்கியால் பிடித்துத் தீயில் சற்றுக் காட்டி, ஆறியதும் தட்டிக் கழுவினால் துளைகள் திறந்துகொள்ளும். டிகாஷனை மறுபடி கொதிக்க வைக்காதீர்கள், மணம் போய்விடும். சூடு வேண்டுமானால் வெந்நீரில் அந்தப் பாத்திரத்தை வைத்து எடுங்கள்.

ருசியிலும் மணத்திலும் பெரும்பகுதி முதல் டிகாஷனிலேயே இறங்கிவிடும். இரண்டாவதில் வருவது பெரும்பாலும் நிறமும் கசப்பும்தான். ஆகவே உங்கள் பங்கையும் சேர்த்து ஒரு கரண்டி பொடி கூடப் போடுங்கள். டிகாஷன் இறங்கியதும் முதல் வேலையாக உங்கள் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள்.

சாப்பாட்டோடு வேண்டாம்

இனி உடம்பைப் பற்றி. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 57 பேர்; தமிழ்நாட்டில் 53 பேர். அதாவது, பாதிக்கு மேல்! இதற்குக் காப்பிதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காப்பியிலும் டீயிலும் உள்ள சில பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கின்றன. முருங்கைக் கீரையைச் சாப்பிட்டுக் கையோடு காப்பியும் குடித்தால், கீரையின் பலனில் ஒரு பகுதி வீண்தான்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவுக் குறிப்புகள் இதையே சொல்கின்றன: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, டீ வேண்டாம். ஒரு நாளைக்குக் காஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 150 மில்லி வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கும். இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65. ஆக, பில்டர் காப்பி இரண்டு அல்லது மூன்று டம்ளரோடு கணக்கு முடிந்தது. டீ குடித்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காப்பியோடு விழுங்கவே கூடாது. தண்ணீரோடோ எலுமிச்சம்பழச் சாற்றோடோ சாப்பிடலாம்.

கர்ப்பிணிகளும் இளம் தாய்மார்களும்

கர்ப்ப காலத்தில் காஃபீன் உடம்பை விட்டு வெளியேற வழக்கத்தைவிட அதிக நேரமாகும். வயிற்றிலுள்ள சிசுவையும் அது எட்டும். நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்று டாக்டர்கள் பலர் சொல்கிறார்கள். சின்ன டம்ளரில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

தாய்ப்பாலிலும் காஃபீன் கொஞ்சம் சேரும். பச்சைக் குழந்தைக்கு அது கழிய வெகு நேரம் பிடிக்கும். குழந்தை தூங்காமல் சிணுங்கினால் சில நாள் காப்பியைக் குறைத்துப் பாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். படிப்படியாகக் குறைப்பதே நல்லது.

நாளைக்கே ஆரம்பியுங்களேன்

காப்பியை விடச் சொல்லவில்லை. உங்களுக்குப் பிடித்த காப்பியை, பிடித்த பதத்தில், உட்கார்ந்து குடியுங்கள் என்கிறோம். காலையில் முதல் டிகாஷனில் ஒரு டம்ளர். டிபனுக்கும் அதற்கும் நடுவே ஒரு மணி நேரம். பசிக்குக் காப்பி மருந்தல்ல, பசித்தால் சாப்பிடுங்கள்.

இன்னொன்று. "அம்மாவுக்கு எந்த மாதிரி காப்பி பிடிக்கும்?" என்று வீட்டில் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் சொல்லிக் கொடுங்கள். பெண்ணானாலும் பையனானாலும், அப்படியே போடவும் கற்றுக் கொடுத்துவிடுங்கள்!