இயங்காத சிறு கம்ப்யூட்டர்: மின்சாரம் தடைபட்ட இடத்தைக் கண்டறியும் முறை

பால் கூட்டுறவுச் சங்கங்களிலும் உரம், விதை விற்கும் நிலையங்களிலும் புத்தக அளவேயுள்ள சிறு கம்ப்யூட்டர்களில் கணக்கு வைக்கும் வழக்கம் வந்துள்ளது. ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தியும் அது இயங்காவிடின், அங்கத்தினர்களின் பட்டுவாடாக் கணக்கு முழுவதும் அழிந்துபோயிற்றோ என்று கலங்குவது இயல்பே. ஆயினும் மின்சாரம் வாராமை வேறு. கணக்கு அழிதல் வேறு. கணக்குகள் தனியான சேமிப்புப் பாகத்தில் பதிந்திருப்பவை. அப்பாகம் பழுதுறாதவரை அவற்றை மீட்டுக்கொள்ளலாம்.

கடைமடைக்கு நீர் வாராதபோது நாம் வயலைக் கொத்திப் பார்ப்பதில்லை. தலைமதகு தொடங்கி வாய்க்கால் வழியே நடந்து, நீர் நின்ற இடத்தைக் காண்கிறோம். இங்கும் அம்முறையையே கைக்கொள்ளல் வேண்டும்.

முதலாவதாக, சிறு விளக்கு எரிகிறதா, விசிறியின் ஓசை கேட்கிறதா என்று கவனிக்க. இவற்றுள் ஒன்று இருப்பினும் மின்சாரம் உள்ளே வந்துவிட்டது. குறை மானிட்டரிலோ, அதன் கேபிளிலோ, உள்ளிருக்கும் நினைவகத் தகட்டிலோ இருக்கக்கூடும்.

இரண்டாவதாக, இரண்டு அடையாளமும் இல்லையெனில், அதே சாக்கெட்டில் மேஜை விளக்கு ஒன்றைச் செருகிப் பார்க்க. அது எரிந்தால், எக்ஸ்டென்ஷன் பெட்டி, யூ.பி.எஸ். ஆகியவற்றை நீக்கி, கம்ப்யூட்டரை நேரே சுவர்ச் சாக்கெட்டில் இணைக்க.

மூன்றாவதாக, அடாப்டரைச் சோதிக்க. இது 230 வோல்ட் ஏ.ஸி. மின்சாரத்தைத் தாழ்ந்த டி.ஸி. மின்சாரமாக மாற்றுவது. பல சிறு கம்ப்யூட்டர்களுக்கு 19 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் போதுமானவையும் உண்டு. சரியான அளவு அடாப்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். மல்டிமீட்டரை டி.ஸி. பகுதியில், அவ்வளவுக்கு மேற்பட்ட நிலையில் வைத்து அளக்க. முள் அசையாவிடில், அல்லது எண் மிகக் குறைந்திருந்தால், அடாப்டரே குற்றமுடையது. சரியான எண் காட்டியும் பாரம் ஏறியவுடன் சோர்ந்துவிடும் அடாப்டர்களும் உண்டாதலால், நல்லதொன்றை மாற்றிப் பார்த்தலே முடிவான பரீக்ஷை. மாற்று அடாப்டரில் வோல்ட்டும் முனைகளின் நேர், எதிர்க் குறியும் ஒத்திருத்தல் வேண்டும். ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். வோல்ட் மிகுந்ததை ஒருபோதும் இணைக்கலாகாது.

நான்காவதாக, அடாப்டரையும், பிரிண்டர், பென் டிரைவ் முதலிய துணைக் கருவிகள் யாவற்றையும் கழற்றிவிட்டு, பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடிக்க. உள்ளே எஞ்சிய மின்சாரம் இதனால் வடியும். பின்னர் அடாப்டரை மட்டும் இணைத்து இயக்குக. இப்போது ஓடினால், துணைக் கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதனைச் சேர்க்கையில் மீண்டும் நிற்கிறதென்று காண்க.

இத்தனையும் செய்து பயனில்லையெனில், குறை பொத்தானிலோ உட்பலகையிலோ இருக்கலாம். அதனைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்தலே தகும். அவரிடம் கொடுக்குமுன், சேமிப்புப் பாகத்தை அழிக்காமலும் மாற்றாமலும் வைக்கும்படி எழுத்து மூலம் கேட்டுக்கொள்க. அப்பாகம் தனியே கழற்றக்கூடியதாயின், அதனை வேறொரு கம்ப்யூட்டருடன் இணைத்துக் கணக்குகளைப் படியெடுக்கலாம். கணக்குகள் சங்கேத முறையில் பூட்டப்பட்டிருந்தால், அதற்குரிய மீட்பு எண் அவசியம். அதனைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வைத்திருப்பது நலம்.

கருகிய நாற்றமோ புகையோ தோன்றினால் சோதனைகளை அக்கணமே நிறுத்தி, ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குக. அடாப்டரைப் பிளந்து பார்த்தல் அபாயம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

வருமுன் காத்தலே சிறந்தது. இடி மின்னல் காலத்தில் மின் பிளக்கையும் இன்டர்நெட் கம்பியையும் கழற்றி வைக்க. எறும்பும் தூசியும் ஈரமும் அணுகாத மேடான இடத்தில் கம்ப்யூட்டரை வைக்க. அன்றாடக் கணக்கை மாலைதோறும் மற்றோரிடத்தில் படியெடுத்து வைக்கும் சங்கத்தில், யந்திரம் நின்றாலும் பட்டுவாடா நிற்காது.