மறுபடியும் பிறக்கும் நாயகன்: சூப்பர்மேனும் காமன் கூத்து ரசிகரும்

ஒரு நாயகனைப் பற்றி முன்பு வெளிவந்த படங்களில் நடந்தவற்றையெல்லாம் நடவாதவையாகக் கொண்டு, புதிய நடிகரையும் புதிய கதைப்போக்கையும் வைத்து அவனை மீண்டும் முதலிலிருந்து நிறுவும் படம் மறுதொடக்கப் படம் எனப்படும். முந்தைய கதை விட்ட இடத்திலிருந்து நடப்பது தொடர்ச்சிப் படம். 1980இல் ரஜினிகாந்த் நடித்த ‘பில்லா’வை 2007இல் அஜித்குமார் நடிக்க மீண்டும் எடுத்ததைப் போல, ஒரு குறிப்பிட்ட படத்தின் கதையையே திரும்ப எடுப்பது மறுஆக்கம். மறுதொடக்கமோ ஒரு படத்தைத் திரும்பச் செய்வதன்று. நாயகனின் பெயர், ஆற்றல், பிறப்புக் கதை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புதிதாக எழுதுவதாகும்.

இத்தகைய படங்கள் பெருகியதற்குக் கலைக் காரணங்களைவிட வணிகக் காரணங்களே பெரிது. நடிகருக்கு வயதாகிறது, சித்திரக்கதை நாயகனுக்கோ வயதாவதில்லை. முன்னரே பெயர் தெரிந்த நாயகனுக்குப் புதிய நாயகனைவிட விளம்பரம் எளிது. ஸ்பைடர்மேனைப் படமாக்கும் உரிமையைப் பெற்ற சோனி நிறுவனம், குறித்த காலத்துக்குள் அடுத்த படத்தை எடுக்கத் தவறினால் அவ்வுரிமை மார்வல் நிறுவனத்துக்குத் திரும்பிவிடும் என்ற ஒப்பந்தத்துக்கு உட்பட்டிருந்தது. 2002இல் டோபி மக்குவயர், 2012இல் அன்ட்ரூ கார்பீல்ட், 2017இல் டொம் ஹொலண்ட் எனப் பதினைந்து ஆண்டுகளுக்குள் மூவர் அந்த நாயகனுக்குத் தனிப்படங்களில் உருக்கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். முதல் இரண்டு வரிசைகளிலும் நாயகனை வளர்த்த பென் மாமாவின் மரணத்தைக் காட்டிய பின், மூன்றாவது வரிசை அதைக் காட்டாமலே கடந்து சென்றது. ரசிகருக்குத் தெரிந்த கதையை மூன்றாம் முறையும் சொல்வது வீண் என்பதை அதை எடுத்தவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆயினும் தெரிந்த கதையைத் திரும்பப் பார்ப்பது தன்னளவில் சலிப்பானது என்று கொள்வதற்கில்லை. இலங்கையின் ஊவா மாகாணத்தில் நமுனுகுல மலைச்சாரலில் வாழும் தோட்ட மக்களுக்கும் மலையகத்தின் ஏனைய பகுதியினருக்கும் பொதுவான காமன் கூத்தே இதற்குச் சான்று. மாசி மாத வளர்பிறையில் கம்பம் ஊன்றித் தொடங்கும் இக்கூத்தில், சிவனின் தவத்தைக் கலைக்கும் மன்மதன் எரிக்கப்படுவான் என்பதும், அவன் மனைவி ரதியின் புலம்பலுக்குப் பின் உயிர்ப்பிக்கப்படுவான் என்பதும் தப்பொலி கேட்டு வந்து கூடும் சிறுவருக்குக்கூட முன்பே தெரியும். முடிவு தெரிந்திருப்பதனாலேயே அவர்களின் கவனம் நிகழ்த்துபவர் மீது குவிகிறது. இந்த ஆண்டு ரதியாக வந்தவரின் குரல் சோகத்தைத் தாங்கியதா, வீரபத்திரனின் ஆட்டத்தில் உக்கிரம் இருந்ததா என்றே மதிப்பீடு நடக்கிறது. ஆட்டக்காரர் மாறலாம், உடை மாறலாம், நடப்பு விடயங்கள் நகைச்சுவையாக உள்ளே வரலாம். ஆனால் மன்மதன் எரியாத காமன் கூத்தை எவரும் ஏற்கமாட்டார். தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகையையொட்டிப் பாடப்பட்ட லாவணியில், மன்மதன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் விடிய விடிய வாதிட்டதை எண்ணினால், நாயகனின் கதையில் எது மாறாதது என்ற வழக்கு தமிழருக்குப் புதிதன்று என்பது விளங்கும்.

இந்த அளவுகோலை எடுத்துச்சென்று பொருத்திப் பார்க்க ஏற்றவன் சூப்பர்மேன். யூதக் குடியேறிகளின் பிள்ளைகளான ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இளைஞர் இருவர் உருவாக்கிய இந்நாயகன் 1938இல் சித்திரக்கதையில் தோன்றினான். அழியும் கிரிப்டன் கிரகத்திலிருந்து குழந்தையாக அனுப்பப்பட்டு, அமெரிக்கக் கிராமமொன்றில் கென்ட் என்னும் விவசாயத் தம்பதியால் வளர்க்கப்பட்டவன் அவன். 1978இல் ரிச்சர்ட் டோனர் இயக்கிய படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் அவனை நட்பும் கூச்சமும் கலந்த நல்லவனாக நிலைநிறுத்தினார். ஜோன் வில்லியம்ஸின் இசை அவ்வுருவத்தோடு ஒட்டிக்கொண்டது. 2013இல் ஸாக் ஸ்னைடர், ஹென்றி கவில்லை வைத்து இயக்கிய ‘மேன் ஒப் ஸ்டீல்’ அவனை முற்றிலும் புதிதாக வார்த்தது. நிறங்கள் மங்கின, உடையின் மேல் அணியும் சிவப்புக் காற்சட்டை நீக்கப்பட்டது, சண்டையில் நகரமே தரைமட்டமானது, இறுதியில் நாயகன் தன் எதிரியின் கழுத்தை முறித்துக் கொன்றான். காற்சட்டை போனதை முணுமுணுப்போடு பொறுத்துக்கொண்ட ரசிகர் பலராலும் அந்தக் கொலையைப் பொறுக்க முடியவில்லை. உயிரைக் காப்பதே அவனுடைய இயல்பு என அவர்கள் நம்பியிருந்தனர். அவனுக்கு வேறு வழியில்லை என்பதே அக்காட்சியின் துயரம் என்று வாதிட்ட ரசிகரும் இருந்தனர்.

2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் இயக்கத்தில், டேவிட் கோரன்ஸ்வெட் நடிப்பில் வெளிவந்த ‘சூப்பர்மேன்’ இந்த வழக்குக்கு அளிக்கப்பட்ட மறுமொழி எனலாம். கிரகம் அழியும் காட்சி இதில் இல்லை. நாயகன் உலகுக்கு அறிமுகமாகி மூன்று ஆண்டுகள் கழிந்த பின், முதன்முறையாகத் தோற்றுப் பனியில் விழுந்து கிடக்கும் நிலையில் கதை தொடங்குகிறது. சிவப்புக் காற்சட்டை திரும்புகிறது, வில்லியம்ஸின் மெட்டும் புதுக் கோப்பில் திரும்புகிறது. பேருருவ விலங்கொன்று நகரைத் தாக்கும் வேளையிலும் நாயகன் ஓர் அணிலைத் தூக்கிக் காப்பாற்றுகிறான். கதைக்கு வேண்டாத சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் இதை ஒதுக்கினாலும், 2013இல் இழந்ததை மீட்கும் இடம் இதுவே. துணைப் பாத்திரங்கள் மிகுந்து நாயகனுக்குரிய நேரத்தைக் குறைப்பதும், பழைய கதை அறியாதவர் திணறும்படி படம் விரைவதும் இதன் குறைகள்.

எனினும் இப்படம் செய்த மிகத் துணிந்த மாற்றம் வேறு. பெற்ற தாய்தந்தை அனுப்பிய செய்தி மக்களுக்குத் தொண்டு செய்யச் சொல்கிறது என்றே நாயகன் நம்பியிருக்கிறான். அதன் சிதைந்த மறுபாதியை எதிரி லெக்ஸ் லூதர் வெளியிடும்போது, பூமியை அடக்கி ஆளும்படி அவர்கள் பணித்திருந்தது தெரிகிறது. ஒரே நாளில் ஊர் அவனை அந்நியனாகப் பார்க்கிறது. கிரிப்டன் பெற்றோரை மேன்மக்களாகவே அறிந்த நெடுநாள் வாசகர் இதனால் வெகுண்டனர். அவர்களின் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. மாறாததாகக் கருதப்பட்ட ஒன்றே இங்கு மாற்றப்பட்டது. ஆனால் அந்த மாற்றம் நாயகனின் நற்குணத்தைக் குலைக்காமல், அதன் ஊற்று பிறப்பில் அன்று, கென்ட் தம்பதியின் வளர்ப்பிலும் அவனது சொந்தத் தெரிவிலுமே உள்ளது என்று காட்டுகிறது.

நமுனுகுலத் தோட்டமொன்றில் வளர்ந்த ரசிகர் இப்பகுதியை அமெரிக்க ரசிகரைப் போலவே வாசிக்க வேண்டியதில்லை. முன்னோர் கடல் கடந்து வந்து காப்பியும் தேயிலையும் வளர்த்த நாட்டில், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சியோரின் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒருவர் எந்த மண்ணுக்குரியவர் என்பதை மூதாதையர் வந்த இடம் தீர்மானிக்குமா, வாழ்ந்து உழைத்த இடம் தீர்மானிக்குமா என்ற கேள்வி இங்கு அரச ஆவணங்களில் எழுதப்பட்ட வரலாறு. ஆதலால் பறக்கும் மனிதனின் கதை என்று தள்ளத்தக்க படத்தில், இப்பகுதி ரசிகர் தம் பாட்டன் பாட்டியின் வழக்கையே கேட்கக்கூடும்.

மறுதொடக்கப் படத்தைப் பற்றிய ரசிகரின் கருத்து, பழையதன் மேலுள்ள வெறும் பிடிவாதம் அன்று. மாற்றத்தக்கது எது, மாற்றலாகாதது எது என்று பல்லாண்டுப் பழக்கத்தால் பிரித்தறியும் ஆற்றல் அது. காமன் கூத்தைத் தலைமுறைதோறும் உயிரோடு வைத்திருப்பதும் அதே ஆற்றல்தான். அந்தக் கண்கொண்டு பார்த்தால், 2013ஆம் ஆண்டுப் படம் புதுமையால் தோற்கவில்லை, 2025ஆம் ஆண்டுப் படம் பழமையால் வெல்லவும் இல்லை. முன்னது நாயகனின் இயல்பை விலையாகக் கொடுத்துக் கதையைப் புதுப்பித்தது, பின்னது அவன் பிறப்புக் கதையை விலையாகக் கொடுத்து இயல்பைக் காத்தது.