கொக்கி ஊசிக்கு ஏற்ற நூல்: ஆனைமலை எல்லையோரத்தின் இழைகள்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. திருச்சூர், எர்ணாகுளம் மாவட்டங்களின் காடுகளும், தமிழ்நாட்டின் வால்பாறைப் பீடபூமியும் அவற்றைப் பிரிக்கின்றன. எனினும் இரு மாவட்டங்களின் கிழக்கு ஓரங்களும் இயல்பில் ஒத்தவை. இரண்டும் மழை மறைவுப் பகுதிகள். இரண்டிலும் தமிழ் பேசும் உழவர்கள் மிகுதி. கொழிஞ்சாம்பாறை மக்களுக்குக் கோவையும் பொள்ளாச்சியும் எவ்வாறோ, மறையூர் மக்களுக்கு உடுமலைப்பேட்டை அவ்வாறே அன்றாடச் சந்தை நகரமாகும். பருத்தி, பட்டு, கம்பளி என்னும் மூவகை இழைகளும் இப்பகுதியிலோ இதனை ஒட்டியோ விளைகின்றன. ஆயினும் இங்குள்ள இல்லங்களில் குரோஷாப் பின்னல் செய்யும் பெண்கள் வாங்குவது பெரும்பாலும் 'உல்லன்' என்னும் பெயரில் கடைகளில் விற்கப்படும் அக்ரிலிக் நூலையே.

இப்பெயர் ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. அக்ரிலிக் என்பது பெட்ரோலிய வேதிப்பொருளிலிருந்து செய்யப்படும் செயற்கை இழை. 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வணிக அளவில் உற்பத்திக்கு வந்தது. இதில் ஆட்டு மயிர் சிறிதும் இல்லை. ஒரு துண்டு நூலைத் தீயில் காட்டினால் வேறுபாடு விளங்கிவிடும். கம்பளி, மயிர் கருகும் நாற்றத்துடன் மெல்ல எரிந்து தானே அணையும். சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தி காகிதம்போல் எரியும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கடினமான கரிய மணியாக நிற்கும். விலை குறைவு, சாயம் நிலைப்பு, சிற்றூர்க் கடையிலும் கிடைத்தல் ஆகியவை அதன் நன்மைகள். அவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஆனால் வியர்வையை அது உறிஞ்சாது. கோடையில் அதனால் பின்னிய குழந்தைச் சட்டை எவருக்கும் பயன்படாது.

தறிக்கு உகந்த நூல் கொக்கி ஊசிக்கு ஏன் உகந்ததன்று என்பதை முதலில் அறிதல் வேண்டும். தறியில் பாவு நூல்கள் நூற்றுக்கணக்கில் அடுத்தடுத்து நின்று இழுவிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே மெல்லிய ஒற்றைப் புரி நூலுக்குக் கஞ்சியிட்டாலே போதும். குரோஷாவிலோ ஒரே நூல், ஒரு வளையத்தின் வழியே மற்றொரு வளையமாக இழுக்கப்பட்டுத் துணியாகிறது. தவறு நேர்ந்தால் பிரித்து மீண்டும் பின்னவும் நேர்கிறது. நூல் உருண்டையாகவும், பல புரிகள் இறுக முறுக்கப்பட்டதாகவும் இராவிடில் ஊசியின் கொக்கி புரிகளுக்கிடையே புகுந்து நூலைப் பிளந்துவிடும். முறுக்கின் திசையும் கவனத்திற்குரியது. வலக்கையால் பின்னுவோர் ஊசியில் நூலைச் சுற்றும் அசைவு, வழக்கமான பின்னல் நூலின் முறுக்கைச் சற்றே தளர்த்துகிறது. இதனாலேயே மரபான குரோஷா நூல்கள் எதிர்த் திசையில் புரி சேர்க்கப்பட்டன.

நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் எத்தனை 840 கஜச் சிட்டங்கள் அடங்கும் என்பதைக் குறிக்கும். 20ஆம் நம்பர் ஒற்றைப் புரி நூல் ஒரு கிலோவில் ஏறக்குறைய 34 கிலோமீட்டர் நீளம் இருக்கும். அதனை ஆறு புரியாகச் சேர்த்தால் 100 கிராம் கண்டில் சுமார் 560 மீட்டர் கிடைக்கும். மேசை விரிப்புக்கும் மெல்லிய மேலாடைக்கும் இது பொருந்தும். இனி, பாலக்காடு எல்லையில் பாரதப்புழைக் கரையிலுள்ள குத்தாம்புள்ளியை எடுத்துக்கொள்வோம். மைசூர்ப் பகுதியிலிருந்து கொச்சி அரச குடும்பத்தால் அழைத்து வரப்பட்ட தேவாங்கர் மரபினர் அங்கு நெய்யும் சேலைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இத்தகைய கைத்தறிச் சேலைகளில் இழையும் 80ஆம் நம்பர் நூலைக் கொண்டு மேற்சொன்ன பருமனை அடைய வேண்டுமெனில் 24 புரிகளைச் சேர்க்க வேண்டும். நெசவாளர் வீட்டில் மிஞ்சும் நூலைப் பின்னலுக்குக் கொடுத்துவிடலாம் என்று அலுவலர் சிலர் கருதுவதுண்டு. அது எளிதன்று என்பதற்கு இக்கணக்கே சான்று.

சித்தூர் வட்டத்தின் கிழக்கோரம் கேரளத்தில் கரிசல் மண் காணப்படும் அரிய பகுதியாகும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி வட்டாரங்கள் பருத்திக்கு அறிமுகமானவை. ஆனால் குரோஷாக் கலைஞர்கள் கனவு காணும் பருத்தி, மலைக்கணவாய்க்கு அப்பால் கோவையில் பிறந்தது. அங்குச் சுஜாதா என்னும் வகையையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் வகையையும் இணைத்து உருவாக்கப்பட்ட சுவின் 1974இல் வெளியிடப்பட்டது. இரு பெற்றோரின் பெயர்களும் சேர்ந்தே அப்பெயர் அமைந்தது. மிக நீண்ட, மெல்லிய, பட்டையொத்த மென்மையுடைய அதன் இழையை 120ஆம் நம்பருக்கும் மேலாக நூற்க இயலும். ஆனால் பயிர்க்காலம் நீண்டது. பூச்சித் தாக்குதல் மிகுதி. விதைப்புப் பரப்பு சுருங்கி, இன்று அது அருமையான பொருளாகிவிட்டது. கிடைக்கும் சிறிதளவும் உயர்விலைத் துணி ஆலைகளுக்கே செல்கிறது.

சாதாரண நீள் இழைப் பருத்திக்கும் மெருகேற்ற வழியுண்டு. ஆங்கிலேயரான ஜான் மெர்சர் 1844இல் பருத்தியைக் காரச் சோடாவில் நனைத்து அதன் வலிமையும் சாயமேற்கும் திறனும் கூடுவதைக் கண்டார். 1890இல் ஹொரேஸ் லோ, நூலை இழுத்துப் பிடித்த நிலையில் அதே முறையைக் கையாண்டு பளபளப்பையும் பெற்றார். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது ஏழைக் குடும்பங்களுக்குச் சோறிட்ட குரோஷா லேஸ், மெல்லிய பருத்தி நூலையே நம்பியிருந்தது. அன்று அதற்கு இம்மெருகு இல்லை.

பட்டின் நிலை வேறு. மல்பெரிக்குத் தண்ணீர் தேவை. புழுவுக்கோ 24 முதல் 28 டிகிரி வெப்பமும் அளவான ஈரப்பதமும் தேவை. நனைந்த இலை புழுவுக்கு நோய் தரும். கேரளத்தின் பிற பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை இதற்கு இடையூறு. அட்டப்பாடியும் சித்தூர்ப் பகுதியும் மறையூர்ப் பள்ளத்தாக்கும் மழை மறைவில் இருப்பதால் மாநிலத்தின் பட்டு வளர்ப்பு இங்குக் கால் ஊன்றியது. 1990களில் மாநிலப் பட்டுக் கூட்டுறவு இணையமான செரிஃபெட் வழியே பலர் மல்பெரி நட்டனர். பலர் பின்னர் கைவிட்டுக் கரும்புக்கும் காய்கறிக்கும் திரும்பினர். பட்டுக்கூடு விற்க எல்லை தாண்ட வேண்டியிருப்பது இன்றும் ஒரு குறை.

ஒரு பட்டுக்கூட்டின் இழை ஏறத்தாழ 1,000 மீட்டர் அறுபடாமல் நீள்வது. அதனை நூற்கும் ஆலையில் பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து 20 முதல் 22 டீனியர் நூலாக இழுக்கின்றனர். முன்னர்க் கூறிய 100 கிராமுக்கு 560 மீட்டர் பருமனை அந்நூலால் அடைய 75க்கு மேற்பட்ட இழைகளைச் சேர்க்க வேண்டும்! குரோஷாவுக்கு உகந்தது இந்த நெடிய இழையன்று. நெசவுத் தொழில் 'கழிவு' என ஒதுக்கும் பகுதியே. கூட்டின் வெளிப்புறப் பஞ்சு, இரு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடு, அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூடு, நூற்கும் தொட்டியில் மிஞ்சும் உட்தோல் ஆகியவற்றைச் சிக்கெடுத்துச் சீவி, பருத்தியைப் போலவே முறுக்கி நூற்கலாம். அந்நூலில் பளபளப்புச் சற்றுக் குறையும். ஆனால் உடலில் மென்மையாகப் படியும், கொக்கியில் வழுக்காது. அசாமின் ஏரிப் பட்டு இயல்பிலேயே இவ்வாறுதான் நூற்கப்படுகிறது. அதன் கூடு ஒருபுறம் திறந்திருப்பதால் இழையை நீளமாக இழுக்க வழியில்லை. ஆமணக்கு இலை தின்னும் அப்புழுவின் நூல் கம்பளியைப் போல் வெதுவெதுப்பானது.

தரம் குறைந்த கூடுகளுக்குச் சந்தையில் உழவர் பெறும் விலை, நல்ல கூட்டின் விலைக்கு வெகு கீழே நிற்கிறது. 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீயின் அண்டைக் குழுக்கள் இவ்வட்டாரங்களிலும் உள்ளன. அக்கூடுகளை அவை வாங்கி நூற்குமாயின், உழவருக்கும் பின்னுவோருக்கும் இடையே உள்ள தூரம் ஓர் ஊரளவே. ஆனால் சீவும் எந்திரம் இன்றிக் கையால் மட்டும் செய்தால் நூல் ஒரே சீராக அமையாது. சீரற்ற நூலைப் பின்னுவோர் ஒருமுறை வாங்குவர், மறுமுறை வாங்கார்.

கம்பளியைத் தேட இமயம் வரை செல்ல வேண்டியதில்லை. இடுக்கியின் வட்டவடைக்குக் கிழக்கே, கொடைக்கானல் மலையில் மன்னவனூர் இருக்கிறது. மத்திய ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் 1965 முதல் அங்கு இயங்கி வருகிறது. ராஜஸ்தானத்தின் சோக்லா, நாலி போன்ற இனங்களை ரம்பூலே, சோவியத் மெரினோ ஆடுகளுடன் கலந்து உருவாக்கிய பாரத் மெரினோ அங்கு வளர்க்கப்படுகிறது. அதன் மயிர் சுமார் 20 மைக்ரான் பருமனுடையது, தோலில் குத்தாது. மலைச்சரிவில் பூண்டும் காய்கறியும் விளைவிக்கும் வட்டவடைக் குடும்பங்களுக்குக் குளிர் புதிதன்று. எனினும் அவர்கள் அணியும் குல்லாய் அக்ரிலிக்கே. காரணம் விலை மட்டுமன்று. மயிரைக் கழுவி, கொழுப்பு நீக்கி, சீவி நூற்கும் சிறு ஆலைகள் தென்னாட்டில் அரிது. மந்தையிலிருந்து கண்டு வரை உள்ள நடுப்பகுதியே இங்கு விடுபட்டுள்ளது.

வாழை நாரைப் பற்றியும் அடிக்கடி வினவப்படுகிறது. நேந்திரன் தோட்டங்களில் அறுவடைக்குப் பின் தண்டு வீணாவது உண்மையே. ஆனால் அந்நார் விறைப்பானது. பைக்கும் தரைவிரிப்புக்கும் பொருந்துமேயன்றி உடைக்குப் பொருந்தாது.

பட்டுக் கழிவைக் கொண்டு குழு அமைக்க முனையும் அலுவலர் விலைக் கணக்கில் ஒன்றை விட்டுவிடுதல் கூடாது. பட்டின் மேல் படிந்துள்ள செரிசின் என்னும் பசை, எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அது கரைந்து போகும். போனால்தான் நூல் மென்மையாகும். ஆகவே ஒரு கிலோ கழிவு வாங்கினால் சுத்தம் செய்தபின் மிஞ்சுவது 750 கிராம் அளவே. சீவும்போது உதிரும் துணுக்குகளையும் இதிலிருந்து கழித்த பிறகே கண்டு ஒன்றின் அடக்க விலையைக் குறிக்க வேண்டும்.